கத்திக்கு முன்னே, தையலுக்குப் பின்னே: உடற்பயிற்சிக்கு எது காலம்?

உடல் வடிவச் சீரமைப்பு அறுவை சிகிச்சைகளைப் பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, செய்துகொள்ளலாமா கூடாதா என்று கேட்பதில்லை. எப்போது என்றே கேட்கின்றன. பயிற்சியை முடித்துவிட்டு அறுவையா, அறுவையை முடித்துவிட்டுப் பயிற்சியா, இடையில் எத்தனை வாரம் என்பதுதான் அவற்றின் கவலை. அத்தகைய கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் குறிப்பிடும் கால அளவுகள், சிக்கல் எதுவுமின்றி ஆறிவரும் ஒருவருக்கான பொதுக் கணக்கு. உங்களுக்கு அறுவை செய்த மருத்துவர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். உள்ளே எதை, எவ்வளவு தூரம் தைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: எனக்கு 38 வயது. இரண்டு பிரசவங்களில் ஏறிய எடையில் 14 கிலோவை ஒன்றரை ஆண்டுப் பயிற்சியால் குறைத்துவிட்டேன். ஆனாலும் அடிவயிறு தொங்குகிறது. இன்னும் ஆறு மாதம் வயிற்றுப் பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்கிறார் பயிற்சியாளர். இனி பயிற்சியால் பயனில்லை, உடனே அறுவை செய்துகொள் என்கிறார் தோழி. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தொங்குவது எது என்று தெரியாமல் இருவரில் ஒருவர் பக்கம் சாய முடியாது. அடிவயிற்றில் தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசைச் சுவர் என்று மூன்று அடுக்குகள் இருக்கின்றன. இவற்றில் எது தளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே பயிற்சிக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்பது முடிவாகும்.

நின்றபடி சற்றே முன்னால் குனிந்து, தொங்கும் பகுதியை இரு விரல்களால் பிடித்துப் பாருங்கள். மெல்லிய துணியைப் போல மடிந்து, மேலே வரித்தழும்புகளோடு வந்தால் அது தோல். விரிந்து நெகிழ்ந்துபோன தோலைச் சுருக்கக்கூடிய உடற்பயிற்சி எதுவும் கிடையாது. ஆறு மாதம் அல்ல, ஆறு ஆண்டு செய்தாலும் அது அப்படியே இருக்கும். பிடியில் தடிப்பாக வந்தால் அங்கே கொழுப்பு மிச்சமிருக்கிறது. அது குறையக்கூடியதே என்றாலும், வயிற்றுக்கென்று பயிற்சி செய்து வயிற்றிலிருந்து மட்டும் குறைக்க முடியாது. உடல் தன் விருப்பப்படி எங்கிருந்து எடுக்க வேண்டுமோ அங்கிருந்துதான் எடுக்கும். அடுத்து, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கித் தலையை மட்டும் மெதுவாக உயர்த்துங்கள். தொப்புளுக்கு மேலும் கீழுமாக, வயிற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு மேடு எழுந்தால், கர்ப்ப காலத்தில் விலகிய இரு நேர்த்தசைகள் இன்னும் முழுமையாக ஒன்றுசேரவில்லை என்று பொருள். சிறிய விலகலுக்கு, இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் முறையாகக் கற்றுக்கொண்ட பயிற்சி நன்றாகவே உதவும். அந்த நிலையில் உங்கள் பயிற்சியாளர் கேட்கும் ஆறு மாதத்தைக் கொடுக்கலாம். ஆனால் அது, மல்லாந்து படுத்து மேலுடலைத் தூக்கும் க்ரஞ்சஸ் பயிற்சியின் எண்ணிக்கையைக் கூட்டுகிற ஆறு மாதமாக இருக்கக் கூடாது, ஏனென்றால் விலகல் உள்ளவர்களுக்கு அந்தப் பயிற்சியின்போது வயிறு உள்ளே போவதற்குப் பதில் கூம்பாக வெளியே தள்ளுகிறது.

தோலும் பெரிய விலகலும்தான் காரணம் என்றால் தோழி சொல்வது சரி. 'உடனே' என்ற சொல்லை மட்டும் நீக்கிவிடுங்கள். உங்கள் எடை எத்தனை மாதமாக ஒரே அளவில் நிற்கிறது என்று எழுதவில்லை. ஆறு மாதமாவது இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் இருந்த பிறகே வயிற்றுத் தோல் நீக்கும் அறுவைக்கு நாள் குறிப்பது நல்லது. அறுவைக்குப் பின்னர் இன்னும் ஏழெட்டுக் கிலோ குறைந்தால், இழுத்துத் தைத்த தோல் மறுபடியும் தளரும். கூடினால் தழும்பு அகலும், வடிவமும் கெடும். இதை வைத்துக்கொண்டு எட்ட முடியாத ஓர் எடையைத் துரத்திக்கொண்டே அறுவையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். வாழ்நாளெல்லாம் பெரிய சிரமமின்றி எந்த எடையில் இருக்க முடியுமோ, அந்த எடையில் செய்துகொள்ளும் அறுவையே நிலைக்கும். மூன்றாவது குழந்தைக்கான எண்ணம் சிறிதளவு இருந்தாலும் காத்திருங்கள். மீண்டும் கருத்தரிப்பது ஆபத்து என்பதால் அல்ல, உள்ளே சேர்த்துத் தைத்த தசையும் இறுக்கிய தோலும் மறுபடி விரிந்துவிடும் என்பதால்.

கேள்வி: எனக்கு 29 வயது. இடுப்பு, விலாப் பகுதிகளில் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொள்ள அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். பலன் நன்றாகத் தெரிய வேண்டும் என்று, மீதமுள்ள நான்கு வாரமும் காலை மாலை இரு வேளையும் ஜிம், உணவில் பாதி என்று திட்டமிட்டிருக்கிறேன். சரியா?

பதில்: ஆர்வம் புரிகிறது, திட்டம் தவறு. அறுவைக்கு முந்தைய மாதம் உடலை ஒடுக்குவதற்கான காலம் அல்ல. உணவைப் பாதியாக்கினால் புரதமும் இரும்புச் சத்தும் குறையும். புண் ஆறுவதற்கு வேண்டிய கையிருப்பை, அது தேவைப்படும் நேரத்திற்குச் சற்று முன்பாகக் காலி செய்ததாகும். வேகமாகக் குறைகிற எடையில் கணிசமான பங்கு நீரும் தசையும் என்பதால், எந்த இடத்தில் எவ்வளவு கொழுப்பை எடுப்பது என்று மருத்துவர் போடும் கணக்கும் குழம்பும்.

இதுவரை என்ன செய்துவந்தீர்களோ அதே அளவில் தொடருங்கள். இதுவரை எதுவுமே செய்யவில்லை என்றால் தினமும் வேகநடை போதும். கூடுதலாக ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால், அறுவைக்குப் பின் பயன்படப்போகிறவற்றைப் பழகிக்கொள்ளுங்கள். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து தொடை வலுவால் எழுவது, படுக்கையில் ஒருக்களித்துப் புரண்டு கால்களை முதலில் கீழே விட்டு எழுந்து உட்காருவது, நெஞ்சைவிட அடிவிலா விரியும்படி ஆழமாக மூச்சிழுப்பது ஆகிய மூன்றும் அறுவைக்கு மறுநாள் காலையில் மிகவும் கைகொடுப்பவை. வலியோடு இருக்கும்போது கற்றுக்கொள்வதைவிட இப்போதே கற்றுக்கொள்வது எளிது.

ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய சில நாட்களில் கடும் எடைப் பயிற்சியைத் தவிர்த்துவிடுங்கள். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கப்படும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. ஆகிய நொதிகள் தசையிலும் இருக்கின்றன. தசையைக் கடுமையாக வருத்தினால் அவை ரத்தத்தில் கூடி, நல்ல கல்லீரல் உள்ளவரையும் நோயாளியாகக் காட்டிவிடும். இதனாலேயே அறுவை தள்ளிப்போவதும் உண்டு. ஜிம்மில் எடுத்துக்கொள்ளும் மாவு, மாத்திரை அனைத்தின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ போன்றவற்றை, ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், இரண்டு வாரத்திற்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். புகைப்பழக்கம் இருந்தால் இந்த நான்கு வாரத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை அதை நிறுத்துவதுதான். நிகோட்டின் தோலுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், அறுவைக்கு முன் நான்கு வாரமும் பின் நான்கு வாரமும் அது உடலில் இருக்கக் கூடாது. மின் சிகரெட்டுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: வயிற்றுத் தோல் நீக்கி, தசையையும் இறுக்கித் தைக்கும் அறுவை செய்து மூன்று வாரம் ஆகிறது. வலி அறவே இல்லை. தையல் காய்ந்துவிட்டது. ஓட்டத்தையும் ஜிம்மையும் ஆறு வாரம் கழித்துத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இது தேவைக்கு அதிகமான எச்சரிக்கை இல்லையா? என் உடல் எனக்குத் தெரியாதா?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் தெரியாது. அதற்குக் காரணம் நீங்கள் அல்ல, நரம்பு. இந்த அறுவையில் வயிற்றுத் தோலை அடியிலிருந்து பெயர்த்து இழுத்துத் தைப்பதால், அந்தப் பகுதிக்குச் செல்லும் நுண்ணிய உணர்வு நரம்புகள் அறுபடுகின்றன. அவை திரும்ப வளர மாதங்கள் ஆகும். ஆகவே உங்களுக்கு வலி இல்லை என்பது பாதி உண்மை. வலியைத் தெரிவிக்க அங்கே இப்போது ஆள் இல்லை என்பது மறுபாதி. எந்தப் பயிற்சியிலும் "வலித்தால் நிறுத்து" என்ற விதியை நம்பிப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டம் சிக்கலானது, ஏனென்றால் அந்த விதி இங்கே வேலை செய்வதில்லை.

தையல் காய்ந்துவிட்டது என்பதும் மேல்தோலைப் பற்றிய செய்தி மட்டுமே. ஆறிவரும் புண்ணின் இழுவிசைத் தாங்குதிறன் மூன்றாம் வாரத்தில், காயமே படாத தோலின் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஆறாம் வாரத்தையொட்டி ஏறத்தாழப் பாதியை எட்டும். மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை நெருங்கும். அதற்கு மேல் எப்போதும் ஏறுவதில்லை. உள்ளே தசை உறையில் போட்ட தையல் இதைவிட விரைவாக ஆறிவிடும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. ஆறு வாரம் என்ற எண், மருத்துவரின் அச்சத்திலிருந்து வந்ததல்ல என்பதை இதிலிருந்து நீங்களே கண்டுகொள்ளலாம்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர்த்தெடுத்த தோல் அடியிலுள்ள தசையோடு மறுபடி ஒட்ட வேண்டும். ஓட்டத்தின் ஒவ்வோர் அடியிலும் இவ்விரண்டு அடுக்குகளும் ஒன்றின் மேல் ஒன்று நழுவினால், ஒட்டுவதற்குப் பதிலாக இடைவெளியில் தெளிந்த நீர் தேங்கும். செரோமா எனப்படும் இந்த நீர்க்கோப்பு உயிருக்கு ஆபத்தானதல்ல என்றாலும், ஊசி வைத்து மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டிவரும். நாட்பட்டால் அதைச் சுற்றி ஒரு உறையே உருவாகிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு பெரிய எடையைத் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் வெகுவாக உயர்வதால், சேர்த்துத் தைத்த தசை விலகிப்போகக்கூடும். அதைச் சரிசெய்ய இன்னோர் அறுவையைத் தவிர வேறு வழியில்லை. நீங்கள் மிச்சம் பிடிக்க நினைப்பது மூன்று வாரம். இழக்கக்கூடியது முழு அறுவையின் பலன்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. இப்போது உங்களால் நடக்க முடியும். முதுகை நிமிர்த்தி, நேரத்தை நாளுக்கு நாள் கூட்டி, சமதளத்தில் நடங்கள். நான்காம் வாரத்திற்குப் பின், மருத்துவர் ஒப்புக்கொண்டால், நிமிர்ந்து உட்காரும் நிலைச் சைக்கிளைக் குறைந்த எதிர்விசையில் மிதிக்கலாம். ஆறாம் வாரம் தாண்டியதும் கை, கால்களுக்கு இலேசான எடைகள் வரலாம்; உட்கார்ந்தோ சாய்ந்தோ செய்பவையாக அவை இருக்கட்டும், மூச்சை அடக்காதீர்கள். ஓட்டம் எட்டாம் வாரத்தையொட்டி, நடையும் ஓட்டமும் மாறி மாறியாகத் தொடங்கட்டும். முன்கைகளை ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க், க்ரஞ்சஸ், கால்களை உயர்த்தும் பயிற்சி போன்று வயிற்றை நேரடியாக வேலை வாங்குபவற்றுக்குத் தசை தைக்கப்பட்ட ஒருவர் மூன்று மாதம் கொடுப்பதே என் பரிந்துரை. சில மருத்துவர்கள் எட்டு, பத்து வாரங்களில் அனுமதிக்கிறார்கள். தைத்த நீளத்தைப் பொறுத்து அது அவர்களின் முடிவு. எதைத் தொடங்கினாலும் அறுவைக்கு முன் தூக்கிய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். வலி சாட்சி சொல்லாத இந்தக் காலத்தில் நம்பக்கூடிய சாட்சி வீக்கம்தான்: இன்று செய்த பயிற்சியால் நாளைக் காலை வயிறு நேற்றைவிட இறுகி உப்பியிருந்தால், செய்தது அதிகம் என்று கொள்ளுங்கள்.

ஜிம்முக்கு மட்டும் தடை என்று எண்ணிக்கொண்டு, வீட்டில் நீர் நிறைந்த வாளியையும் குழந்தையையும் தூக்குகிறவர்கள் பலர். தசைக்கு ஜிம்மும் வீடும் ஒன்றுதான். ஆறு வாரம் வரை நான்கைந்து கிலோவுக்கு மேற்பட்ட எதையும் தூக்க வேண்டாம். குழந்தையைக் கொஞ்ச வேண்டுமானால் நீங்கள் உட்கார்ந்துகொண்டு அது மடியில் ஏறி வரட்டும்.

கேள்வி: லைப்போசக்‌ஷன் முடிந்து வீடு திரும்பியிருக்கும் என் மகளை ஒரு வாரம் படுக்கையை விட்டு எழவிடக் கூடாது என்று வீட்டில் அனைவரும் சொல்கிறார்கள். மருத்துவமனையிலோ அன்று மாலையே நடக்கவைத்துவிட்டார்கள். எது சரி?

பதில்: மருத்துவமனை செய்ததே சரி. அசையாமல் படுத்திருந்தால் கால் நரம்புகளில், அதாவது ஆழ்சிரைகளில், ரத்தம் உறையக்கூடும். அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வதுதான் இந்த வகை அறுவைகளில் நாங்கள் மிகவும் அஞ்சும் விளைவு. வயிற்றுத் தோல் நீக்கும் அறுவையிலும், ஒரே நாளில் பல அறுவைகளைச் சேர்த்துச் செய்யும்போதும் இதன் வாய்ப்பு கூடுகிறது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்கேனும் ரத்த உறைவு வந்திருப்பவர்களுக்கும் இன்னும் கூடுதல். விழித்திருக்கும்போது ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிடம் வீட்டுக்குள் நடக்கட்டும். படுத்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்கட்டும். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தட்டையாகியிருக்க வேண்டிய ஆண் மார்பில் திரண்டிருந்த சுரப்பியை நீக்கி, கொழுப்பையும் உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் எடை தூக்கும் பெஞ்ச் பிரஸ் எப்போது?

பதில்: ஆறு வாரம் கழித்து, பழைய எடையில் பாதியோடு. கால் பயிற்சிகளை மூன்றாம் வாரத்திலிருந்து மெல்லத் தொடங்கலாம் என்றாலும், கைகளால் இறுகப் பற்றிக்கொண்டு செய்பவற்றில் மார்புத் தசையும் இழுபடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் நெடுந்தூர ஓட்டக்காரி. ஐந்து மாதத்தில் ஒரு முழு மாரத்தான் இருக்கிறது. தொடையில் லைப்போசக்‌ஷன் செய்துகொள்ளவும் விரும்புகிறேன். இடையில் செய்துகொண்டால் பந்தயத்திற்குத் தயாராகிவிட முடியுமா?

பதில்: தாளில் எழுதிப் பார்த்தால் முடியும்போல்தான் தெரியும். ஐந்து மாதம் என்பது ஏறத்தாழ 21 வாரம். அறுவைக்குப் பின் முழு ஓட்டத்திற்குத் திரும்ப நான்கிலிருந்து ஆறு வாரம் போனால் 15 முதல் 17 வாரம் மிஞ்சும். 42.195 கிலோமீட்டருக்கான பயிற்சித் திட்டங்கள் பொதுவாக 16 முதல் 20 வாரம் வரை நீள்பவை. அதுவும் ஓட்டத்தில் இருந்துகொண்டே தொடங்குபவருக்கான கணக்கு. நீங்களோ ஓய்விலிருந்து, வீக்கம் முழுதும் வற்றாத தொடைகளோடு, வாரந்தோறும் தூரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். லைப்போசக்‌ஷனுக்குப் பிந்தைய வீக்கத்தில் பெரும்பகுதி முதல் ஆறு வாரத்தில் வற்றினாலும், எஞ்சியது மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வரைகூட நீடிக்கும். நீண்ட ஓட்டம் முடிந்த ஒவ்வொரு மாலையும் தொடை கனத்து, செய்துகொண்ட அறுவையின் பலனைப் பந்தய நாள் வரை உங்களால் பார்க்கவே முடியாமல் போகும்.

பந்தயத்தை முதலில் ஓடிவிடுங்கள். அதன்பின் மூன்று நான்கு வாரம் உடல் தெளிந்த பிறகு, அடுத்த பந்தயத்திற்கு நீண்ட இடைவெளி இருக்கும் காலமாகப் பார்த்து அறுவைக்கு நாள் குறியுங்கள். ஓட்டக்காரர்கள் எப்படியும் ஆண்டில் ஒருமுறை ஓய்வெடுக்க வேண்டியவர்கள்தாம். அந்த ஓய்வோடு இதைச் சேர்த்துவிட்டால் இழப்பே இல்லை. நீங்கள் விரும்புவது கொழுப்பு உறிஞ்சல் மட்டுமல்ல, உள்தொடைத் தோலை வெட்டி இறுக்குவதும் சேர்ந்தது என்றால் கணக்கு இன்னும் நீளும். தொடை இடுக்கு வியர்வையும் உராய்வும் ஓயாத இடம். அங்கே தையல் பிரிவது அதிகம். ஓட்டத்திற்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உறிஞ்சி எடுத்த கொழுப்புச் செல்கள் திரும்ப வளராது என்கிறார்களே. அப்படியானால் அறுவைக்குப் பிறகு உடற்பயிற்சி எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கலாம். நீங்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. எடுத்த இடத்தில் செல்களின் எண்ணிக்கை குறைந்துதான் போகிறது. ஆனால் உடல், தன்னிடம் மொத்தமாக எவ்வளவு கொழுப்பு இருந்தது என்பதை எளிதில் மறப்பதில்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், லைப்போசக்‌ஷன் செய்துகொண்ட பெண்களின் உடல் கொழுப்பு ஓராண்டில் திரும்பிவிட்டிருந்தது. திரும்பியது கொழுப்பு எடுக்கப்பட்ட தொடைக்கு அல்ல. தொடை மெலிந்தே இருந்தது. கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இதைவிட உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு, பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2012-இல் வெளியானது. இயல்பான எடையுள்ள 36 பெண்களுக்கு வயிற்றில் சிறிய அளவில் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். அறுவை முடிந்து இரண்டு மாதம் கழித்து, அவர்களில் பாதிப்பேரை நான்கு மாத உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்த்தார்கள். மற்றவர்கள் பயிற்சி செய்யவில்லை. ஆறாம் மாத முடிவில், பயிற்சி செய்யாதவர்களுக்குக் குடல், கல்லீரலைச் சுற்றிச் சேரும் உட்கொழுப்பு 10 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை.

தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு, பார்வைக்கு ஒரு குறைதானே தவிரப் பெரிய கெடுதல் செய்யாதது. உள்ளே போய்ச் சேரும் கொழுப்போ சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்புடையது. அழகுக்காக முன்னதை எடுத்துவிட்டுப் பின்னதை வளர்த்துக்கொள்வது நல்ல பேரம் ஆகாது. கொழுப்பைப் பெருமளவில் எடுத்தால் உடல்நலமும் கூடவே சீராகும் என்ற நம்பிக்கையையும் 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சோதித்துப் பார்த்தது. உடல் பருமன் கொண்ட 15 பெண்களிடமிருந்து ஆளுக்குச் சுமார் 10 கிலோ வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, 10 முதல் 12 வாரம் கழித்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, இன்சுலின் செயல்பாடு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதே எடையை உணவாலும் உடற்பயிற்சியாலும் குறைத்திருந்தால் இவை எல்லாமே மாறியிருக்கும்.

ஆகவே அறுவைக்குப் பின் உடற்பயிற்சி விருப்பப்பாடம் அல்ல. சாவோ பாவ்லோ ஆய்வில் பயிற்சி தொடங்கியது இரண்டு மாதம் கழித்து என்பதைக் கவனியுங்கள். முதல் வாரத்திலேயே முண்டியடிக்கத் தேவையில்லை என்பதற்கும், ஆறு மாதம் ஓய்ந்துகிடக்கக் கூடாது என்பதற்கும் அந்த ஒரே ஆய்வு போதும்.

கேள்வி: இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைக்குப் பிறகு பத்து மாதத்தில் 45 கிலோ குறைந்திருக்கிறேன். வயிறு, மேற்கை, தொடை எல்லா இடத்திலும் தோல் தொங்குகிறது. மடிப்புகளில் புண் வருகிறது, வேகமாக நடக்கவே தடையாக இருக்கிறது. இப்போதே நீக்கிவிடலாமா?

பதில்: உங்கள் சிரமம் உண்மையானது, தோல் மடிப்பு உரசி வலிக்கும்போது உடற்பயிற்சி செய்யச் சொல்வது எளிது, செய்வது கடினம். இருப்பினும் பத்தாம் மாதம் சற்று முந்தியது. இரைப்பை அறுவையிலிருந்து 12 முதல் 18 மாதம் கழிந்து, எடை நின்று, அதன்பின் மூன்று முதல் ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை. இந்த அறுவை செய்துகொண்டவர்களிடம் இரும்புச் சத்து, வைட்டமின் பி12, புரதம் ஆகியவை குறைந்திருப்பது மிகவும் சாதாரணம் என்பதால், இந்தக் காத்திருப்பை அவற்றைப் பரிசோதித்து ஈடுகட்டப் பயன்படுத்துங்கள். அதுவரை தோலை இறுக்கிப் பிடிக்கும் ஆடை அணிந்துகொண்டு எடைப் பயிற்சி செய்யுங்கள். நீச்சல் முடிந்தால் இன்னும் நல்லது, தண்ணீருக்குள் தோலின் பாரம் தெரியாது. ஆனால் மடிப்பில் புண் இருக்கும் நாட்களில் தண்ணீரில் இறங்காதீர்கள்.

எல்லா இடங்களையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று கேட்காதீர்கள். மருத்துவர்கள் இதைக் கட்டங்களாகப் பிரித்து, நடுவே மூன்று மாதமேனும் விட்டுச் செய்வதுண்டு. இதில் பயிற்சிக்கும் ஒரு வசதி இருக்கிறது: மேற்கை ஆறும்போது தோளுக்கு மேல் கையை உயர்த்தவும் எடை தூக்கவும் முடியாது, ஆனால் நடக்கத் தடையில்லை, தொடை ஆறும்போது கால்களை அகட்டுவதும் முழங்கால் மடக்கி உட்கார்ந்தெழும் ஸ்குவாட் செய்வதும் ஆகாது, ஆனால் சில வாரங்களில் உட்கார்ந்தபடி கைகளுக்கு வேலை கொடுக்கலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டவருக்குப் படுக்கையிலிருந்து எழ ஊன்றுவதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை.

கேள்வி: எடை குறைப்பதற்கான வார ஊசி போட்டுக்கொள்கிறேன், நன்றாகக் குறைந்துவருகிறது. இதோடு சேர்த்து லைப்போசக்‌ஷனும் செய்துவிடலாமா?

பதில்: குறைந்துகொண்டிருக்கும் எடையின் மேல் வடிவம் செதுக்க முடியாது. ஊசியின் அளவும் எடையும் நிலைபெறட்டும். இடைக்காலத்தில் எடைப் பயிற்சியை விடாதீர்கள். இப்படிக் குறையும் எடையில் தசையும் ஒரு பங்கு இருப்பதால், அதைக் காப்பாற்ற இதுவே முக்கிய வழி. அறுவைக்கு நாள் வரும்போது இந்த ஊசியைப் பற்றி மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், வெறும் வயிறு என்று நீங்கள் நினைப்பது வெறும் வயிறாக இல்லாமல் போகலாம்.

கேள்வி: யோகாசனம் மென்மையானதுதானே. வயிற்று அறுவைக்குப் பின் சீக்கிரமே தொடங்கலாம் அல்லவா?

பதில்: எந்த ஆசனம் என்பதைப் பொறுத்தது. சவாசனமும் மெதுவான மூச்சுப் பயிற்சியும் முதல் வாரத்திலிருந்தே நல்லவை. புஜங்காசனம், தனுராசனம், சக்கராசனம் போன்ற பின்வளைவுகள் தழும்பை நேராக இழுப்பவை. நவாசனம் தைத்த தசையின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுகிறது. கபாலபாதியில் வயிற்றுத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் சுண்டி இழுக்கப்படுகிறது. இவை அனைத்தும் மூன்று மாதத்திற்குப் பிறகு, அதுவும் ஒவ்வொன்றாக. மென்மை என்பது பார்ப்பவருக்குத்தான்.

கேள்வி: லைப்போசக்‌ஷன் செய்து ஆறு நாள் ஆகிறது. எடை பார்த்தால் அறுவைக்கு முன்பு இருந்ததைவிட இரண்டு கிலோ கூடியிருக்கிறது! பயிற்சியை நிறுத்தியதால் கொழுப்பு சேர்ந்துவிட்டதா? நாளையே ட்ரெட்மில் ஏறட்டுமா?

பதில்: ஏற வேண்டாம். ஆறு நாளில் இரண்டு கிலோ கொழுப்பு சேராது. அறுவையின்போது தோலுக்கு அடியில் செலுத்திய திரவமும், காயத்தைச் சுற்றி உடல் தேக்கிவைத்திருக்கும் நீரும்தான் அந்த எடை. அறுவைக்குப் பின் அணியச் சொல்லும் இறுக்க ஆடையை, மருத்துவர் சொன்ன காலம் வரை, மடிப்பு விழாமல் அணிந்துகொண்டு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால் அது தானே வற்றும். ஒரு பக்கம் மட்டும் திடீரென உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோல் கறுத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லை என்றால் எடை பார்க்கும் கருவியை ஆறு வாரத்திற்கு எடுத்து வைத்துவிடுங்கள். அதற்கு முன் அது காட்டும் எண்ணால் யாருக்கும் பயனில்லை.